கம்ப்யூட்டர் அணைந்தது குறித்து அத்தான் நடத்திய விசாரணை

"பத்து மணி பதினேழு நிமிஷம். எழுதிக்குங்க," என்றார் அத்தான். எழுதிக்கொள்ள அறையில் குமாஸ்தா யாரும் கிடையாது. அவரே பேனா மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகிக்கொண்டு, நீளமான பதிவேட்டில் அவரே எழுதினார்: 'வியாழன், இருபத்தைந்தாம் தேதி. காலை 10.17. கம்ப்யூட்டர் மறுபடியும் தானாக அணைந்தது. ஓடிய நேரம் முப்பத்தாறு நிமிடம். அப்போது அறையில் இருந்தவர்கள்: மனைவி, மனைவியின் தம்பி.' கடைசி இரண்டு வார்த்தைகளை எழுதும்போது மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மனைவியின் தம்பி நான்தான். மாடியில் குடியிருக்கிறேன். தெருமுனையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கடை திறக்கப் போகுமுன் கீழே இறங்கி அக்கா கையால் ஒரு டீ குடிப்பது என் வழக்கம். அந்த ஒரு டீக்காக இந்த மாதத்தில் மட்டும் மூன்று முறை வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அத்தான் முப்பத்தொரு வருஷம் ஒரு பஸ் கம்பெனியின் விசாரணைப் பிரிவில் வேலை பார்த்தவர். எந்தப் பஸ்ஸாவது நடுவழியில் நின்றுபோனால், ஏன் நின்றது, யாரால் நின்றது, நிற்காமல் இருக்க யார் என்ன செய்திருக்க வேண்டும் என்று துருவித் துருவிக் கண்டுபிடித்து எழுதுவது அவர் பொறுப்பு. ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. பஸ்கள் தம் பாட்டுக்கு நிற்கின்றன, ஓடுகின்றன. அத்தானுக்குத்தான் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் மற்ற வீடுகளில் துணியை எடுத்துத் துடைப்பார்கள். அக்கா வீட்டில் அத்தான் வந்து பார்வையிடும் வரைக்கும் துடைக்கக் கூடாது. "என்னாச்சு?" என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. "நடந்தது என்ன?" என்றுதான் ஆரம்பிப்பார்.

சாப்பாட்டு மேசைதான் விசாரணைக் கூடம். ஒரு முனையில் கை வைத்த நாற்காலி, அது அவருடையது. எதிர் முனையில் ஒரு ஸ்டீல் ஸ்டூல், அது சாட்சிகளுக்கு. ஸ்டூலுக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. உட்கார்ந்தவர் உடம்பை அசைத்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதைச் சரி பண்ணித் தருகிறேன் என்று நான் ஒரு தடவை சொன்னபோது அத்தான் பதறிப்போய், "வேண்டாம் மாப்ளே, அதுபாட்டுக்கு இருக்கட்டும்," என்றார். பொய் சொல்பவன் அசையாமல் உட்காரமாட்டான் என்பது அவருடைய முப்பத்தொரு வருஷத்து அனுபவம். எனக்கு மூலம் இருப்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

விசாரணை என்று வந்துவிட்டால் பெண்டாட்டி, மச்சினன் என்ற பேச்சே கிடையாது. எல்லாரும் 'நீங்க'தான். முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்த அக்காவிடமே, "பெயர், வயது, தொழில் சொல்லுங்கம்மா," என்று கேட்டு எழுதிக்கொள்வார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எதிரே உட்கார்ந்தவருக்குத் தன் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வைக்காமல் அவர் முதல் கேள்வியைக் கேட்டதே இல்லை. "குத்தம் சாட்டப்பட்டவனுக்கு மொதல்ல காயிறது தொண்டை, மாப்ளே. தொண்டை காஞ்சவன் பொய்யும் சொல்லமாட்டான், உண்மையும் சொல்லமாட்டான். அப்புறம் எதை எழுதறது?" என்பார். வேலையில் இருந்த காலத்தில், டீசல் திருடியதாக ஒரு டிரைவரை எல்லாருமாகச் சேர்ந்து வீட்டுக்கு அனுப்ப இருந்தார்களாம். அத்தான் அந்த ஆளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, சலவைச் சட்டையோடு பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்து, டாங்க்கில் மயிரிழை போல ஒரு விரிசலைக் கண்டுபிடித்தார். அந்த டிரைவர் இன்றைக்கும் தெருவில் அத்தானைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசுகிறார். அந்தச் சட்டைக் கறைக்கு அக்காவிடம் என்ன வாங்கிக்கட்டிக்கொண்டார் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இனி கம்ப்யூட்டர். அக்கா பையன் காலேஜில் படிக்கும்போது வாங்கியது, பதினாறு வயசு. வெள்ளையாக வந்து, இப்போது பழைய பல் நிறத்துக்குப் போய்விட்டது. பையன் வேலைக்காக வெளியூர் போனபோது அதை அம்மாவுக்கு விட்டுவிட்டுப் போனான். போகுமுன் அம்மாவுக்காக ஒரு ப்ரோக்ராம் எழுதி அதில் போட்டுவிட்டுப் போனான். அந்த ப்ரோக்ராம் வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடாது. ஏன் என்று அவனுக்கே இப்போது மறந்துவிட்டது.

அக்கா ஒரு வாரப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துக் கட்டம் தயார் செய்கிறாள். பதினோரு வருஷமாக, ஒரு வாரம் தவறாமல். பதினாலாயிரம் வார்த்தைகளும் அவற்றுக்கு அவள் எழுதிய குறிப்புகளும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. எந்த வார்த்தை எந்த இதழில் வந்தது, மறுபடி எப்போது வரலாம் என்பது வரைக்கும் அது சொல்லும். அக்கா எதிரே இருப்பவர் பேசும்போது தலையாட்டிக்கொண்டே விரலை மடக்கிக்கொண்டிருப்பாள். நாம் ஏதோ கணக்குப் பார்க்கிறாள் என்று நினைப்போம். நாம் சொன்ன வார்த்தைக்கு எத்தனை எழுத்து என்று எண்ணுகிறாள். என் கல்யாணத்தில் வாழ்த்திப் பேசியவர் பேசி முடிப்பதற்குள் ஒரு கட்டத்தில் பாதியை முடித்துவிட்டாள்.

ஒவ்வொரு வியாழனும் பகல் பன்னிரண்டு மணிக்குள் கட்டம் பத்திரிகைக்குப் போய்ச் சேர வேண்டும். போன வியாழன் போகவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் அணைந்தது, போட்டால் எழுந்தது, மறுபடி அணைந்தது. பத்திரிகையில் நாலு வருஷத்துக்கு முந்தைய கட்டம் ஒன்றைத் தூசி தட்டிப் போட்டார்கள். விடையெல்லாம் ஞாபகம் வைத்திருந்த வாசகர்கள் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்களாம். அங்கிருந்து பேசிய துணை ஆசிரியை நல்ல மாதிரி. ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டாள். "இந்த வியாழனும் வரலேன்னா அடுத்த இதழ்லேர்ந்து ரெடிமேட் கட்டம் வாங்கிப் போட்டுக்குறதா மேல முடிவு பண்ணிட்டாங்கக்கா. தப்பா நெனைச்சுக்காதீங்க." அக்கா போனை வைத்துவிட்டு, "நான் என்னத்தை தப்பா நெனைக்க," என்றாள். அன்றைக்கு டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டாள். நான் சொல்லாமல் குடித்தேன். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சரி, கம்ப்யூட்டர் ஏன் அணைகிறது? இதற்குத்தான் மூன்று வாரமாக விசாரணை.

முதல் முறை அணைந்தது இரண்டாம் தேதி. அக்கா, "கெடக்கு, பழசு," என்று மறுபடி போட்டுக்கொண்டாள். அத்தான் அன்றைக்கே புதுப் பதிவேடு ஒன்றை எடுத்து, ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் மடித்துக் கோடு விழச்செய்து, முதல் பக்கத்தில் பொருள் எழுதிவிட்டார். ஐந்தாம் தேதி இரண்டாம் முறை, ஒன்பதாம் தேதி மூன்றாம் முறை. மூன்று முறை நடந்தால் அது தற்செயல் இல்லை, யாரோ கை வைக்கிறார்கள் என்பது பிரிவின் பாலபாடம். பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு, சாட்சியம் கலையாமல் இருக்க, அத்தான் பெட்டிக்கு சீல் வைத்தார்.

சீல் என்றால் நீங்கள் சின்னதாக ஏதோ ஒட்டினார் என்று நினைக்கக் கூடாது. கெட்டியான பழுப்புக் காகிதத்தைப் பட்டை பட்டையாக வெட்டி, பசை காய்ச்சி, மூடி சேரும் விளிம்பு, திருகாணிகள், பக்கவாட்டில் சல்லடை மாதிரி இருந்த துளைகள், பின்பக்கம் காற்றாடி தெரிகிற வட்டம் என்று விரலோ குச்சியோ உள்ளே போக வழியுள்ள ஓர் இடத்தையும் விட்டுவைக்காமல் ஒட்டினார். ஒவ்வொரு பட்டையின் மேலும் குறுக்காகக் கையெழுத்து, தேதி, நேரம். "இனிமே எறும்புகூட எனக்குத் தெரியாம உள்ள போக முடியாது, மாப்ளே," என்று கைகளைத் தட்டிக்கொண்டார். பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான். "பிரமாதம் அத்தான்," என்று சொன்னவனும் நான்தான். ஊருக்கெல்லாம் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுவிடுகிறவன் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

பிறகு சாட்சிகள். வேலைக்கு வரும் அம்மா ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து, "அந்தப் பெட்டிக்கிட்டயே நான் போறதில்லீங்க ஐயா. போனா எழுதிக்குவீங்க," என்றாள். அத்தான் அதையும் எழுதிக்கொண்டார். தண்ணீரைக் குடித்துத் தெம்பு வந்ததும் அவள் மேற்கொண்டு ஏதேதோ சொன்னாள். தரை துடைக்கும்போது எது எது இடைஞ்சல், எது எது கால்விரலில் இடிக்கிறது என்று ஒரு பாட்டம். அத்தான் ஒரு வார்த்தை விடாமல் எழுதி, கீழே 'வழக்குக்குத் தொடர்பில்லாதது' என்று குறிப்புப் போட்டார்.

எதிர்வீட்டு அம்மா மேல் ஒரு கண் இருந்தது. அவள் மிக்சி போடும் நேரமும் இங்கே அணையும் நேரமும் இரண்டு நாள் ஒத்துப்போயின. அத்தான் விடுவாரா? ஒரு காலை பதினோரு மணிக்கு அவளை மிக்சி போடச் சொல்லி, நான் இந்த வாசலில் நின்று கையசைக்க, அவள் அந்த வாசலில் நின்று அரைக்க, ஒத்திகை நடந்தது. கம்ப்யூட்டர் அசையவில்லை. அவள் அரைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் காலி ஜாரையே ஓட்டியிருக்கிறாள் என்பது வேறு விஷயம். மறுநாள் அத்தான் வெள்ளைக் காகிதத்தில் 'தங்கள் மீதான சந்தேகம் முற்றிலும் விலக்கிக்கொள்ளப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தக் கடிதம் இப்போது அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டுகிறாள்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர் ஒருவரை நான் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததுதான் தாமதம், அத்தான் குறுக்கே வந்துவிட்டார்.

"திறக்கறதுக்கு முன்னாடி உங்க அபிப்பிராயத்தை எழுத்துல குடுங்க."

"திறக்காம எப்படி சார் அபிப்பிராயம் சொல்றது?"

"வெளிலேர்ந்து பாத்துத் தோணுறதைச் சொல்லுங்க. சீல் இருக்குல்ல."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "புதுசு ஒண்ணு வாங்கிக்குங்க சார், அதான் என் அபிப்பிராயம்," என்று சொல்லிவிட்டு, ஊற்றி வைத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் போனார். அத்தான் எழுதினார்: 'நிபுணர், விசாரணை முடியும் முன்பே மரண தண்டனை கேட்கிறார்.'

பையன் போனில் சொன்னான்: "அப்பா, உள்ள தூசி அடைஞ்சிருக்கும்பா. மூடியைக் கழட்டித் தட்டுங்க, போதும்." அதற்கும் வழியில்லை. "நீ எழுதின ப்ரோக்ராம் அதுல ஓடுது. நீ சம்பந்தப்பட்ட ஆளு. உன் யோசனையை எடுத்துக்கிட்டா நாளைக்கு நாலு பேரு கேள்வி கேப்பாங்க," என்றார் அத்தான். எந்த நாலு பேர் என்று பையன் கேட்டான். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

அக்கா இதற்கெல்லாம் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு இதுவும் இல்லாவிட்டால் எப்படிப் பொழுது போகும் என்று நினைத்தாளோ என்னவோ. வியாழன் நெருங்க நெருங்க அவள் விரல் மடக்குவது மட்டும் நின்றுபோயிருந்தது.

இப்போது வியாழக்கிழமை, பத்து பதினேழு. கட்டம் முடிந்துவிட்டது. குறிப்புகளில் இன்னும் ஒன்பது பாக்கி. அக்கா திரையின் முன்னாலிருந்து எழுந்தாள். நான் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மேசைக்கடியில் குனிந்து, பெட்டியின் பின்பக்கம் ஒட்டியிருந்த காகிதத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். "ம்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நேரே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"என் வாக்குமூலத்தை எடுத்துக்குங்க."

அத்தானுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கூப்பிடாமலே வந்த முதல் சாட்சி. ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றி அவள் முன்னால் வைத்தார். "பெயர், வயது, தொழில்."

"தெரியாதா உங்களுக்கு? மணி பத்தரை ஆகப்போகுது."

"முறைன்னு ஒண்ணு இருக்கும்மா."

அக்கா சொன்னாள். அவர் எழுதினார். "இப்ப நான் ஒரு கேள்வி கேக்கலாமா?" என்றாள் அக்கா. சாட்சி கேள்வி கேட்பதற்கு விதியில் இடம் உண்டா என்று அத்தான் கொஞ்ச நேரம் யோசித்தார். "சந்தேகத்தைத் தெளிவு பண்ணிக்கலாம்," என்று கடைசியில் அனுமதித்தார்.

"பதிவேட்டை முதல்லேர்ந்து திருப்புங்க. ரெண்டாந்தேதி, அஞ்சாந்தேதி, ஒன்பதாந்தேதி. எவ்வளவு நேரம் ஓடிட்டு அணைஞ்சுது?"

"நாலு மணி நேரம். மூணே முக்கால். மறுபடி நாலு."

"பதிமூணாந்தேதியிலேர்ந்து?"

"நாப்பத்தஞ்சு நிமிஷம். நாப்பது. நாப்பத்திரண்டு. முப்பத்தெட்டு..." அத்தானின் விரல் பக்கத்தில் கீழே இறங்கிக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்றது.

"நடுவுல நடந்தது என்ன?" என்றாள் அக்கா. அவருடைய கேள்வியை அவருடைய குரலிலேயே கேட்டாள்.

அத்தான் ஒரு பக்கத்தைப் பின்னால் திருப்பினார். சத்தமாகத்தான் படித்தார், அதையும் சொல்ல வேண்டும். "பன்னிரண்டாம் தேதி. மாலை நாலு மணி. பெட்டிக்கு சீல் வைக்கப்பட்டது."

நாற்காலி கிறீச்சிட்டது. ஸ்டூலிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"பதினாலாந்தேதி. வேலைக்கு வர்ற அம்மா என்ன சொன்னாங்கன்னு எழுதி வச்சிருக்கீங்க, பாருங்க."

அத்தான் தேடி எடுத்துப் படித்தார். "முன்னெல்லாம் அந்த மேசைக்கடியில துடைக்கிறப்ப பெட்டிக்குப் பின்னாடிலேர்ந்து சூடா காத்து வந்து காலுல படும். இப்ப ரெண்டு நாளா அது வர்றதில்லீங்க. அந்தமட்டுக்கு நல்லாருக்குது."

"அதுக்குக் கீழ?"

"வழக்குக்குத்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"அணைஞ்சதும் தெனமும் சீலைத் தொட்டுப் பாத்து எழுதறீங்களே. அதுல ரெண்டு மூணு படிங்க, போதும்."

"பதிமூணு. சீல் உறுதி, சேதமில்லை, லேசான வெதுவெதுப்பு. பதினாறு. சீல் உறுதி, சூடாக உள்ளது. இருபது. சீல்..." அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இருபது. சீல் மீது கை வைக்க முடியவில்லை. ஆனால் சேதமில்லை."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அத்தான் முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே போய்விட்டது. பெட்டிக்கு மூச்சுவிட இருந்த இரண்டு வழியையும் அடைத்து, அடைத்ததற்குக் கையெழுத்தும் போட்டு, அடைப்பு விட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பதிமூன்று நாள் கண்ணும் கருத்துமாகக் காவல் காத்திருக்கிறார் மனுஷன். பையன் சொன்ன தூசி முதலில் இருந்திருக்கலாம். அது நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் அணைத்தது. நாற்பது நிமிஷத்துக்குக் கொண்டுவந்தது எங்கள் அத்தான், என் பசை உபயத்தோடு.

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?" என்றார். மூன்று வாரத்தில் அந்த மேசையில் அவர் அக்காவை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் முறை.

"நேத்து மத்தியானம் நீங்க முடி வெட்டிக்கப் போனப்ப பதிவேட்டைப் படிச்சேன். நீங்க மேலேர்ந்து கீழ எழுதிக்கிட்டே வந்திருக்கீங்க. நான் குறுக்கே படிச்சேன், அவ்வளவுதான். இன்னொரு தடவை அணைஞ்சதும் கைய வச்சுப் பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்." பதிவேட்டின் மேல் விரலை வைத்து, "நீங்க ஒரு வார்த்தை விடாம எழுதினதாலதான் தெரிஞ்சுது," என்றாள். அவள் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் அத்தானுக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

"மாப்ளே, கத்தி எடு," என்றார் அத்தான். நான் ஓடினேன். "இரு. சீலை உடைக்கணும்னா ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும்."

"ஏங்க, மணியைப் பாருங்க!"

"பாத்துட்டேன். சீக்கிரம் போடு."

போட்டோம். அக்கா அவசரத்தில் தேதியை மறந்துவிட, அதைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் கத்தியை வைத்தார். காகிதம் அவ்வளவு லேசில் வரவில்லை, நல்ல பசை. மூடியைத் திறந்தால் உள்ளே பதினாறு வருஷத்துத் தூசி தலையணைப் பஞ்சு மாதிரி படிந்து கிடந்தது. பிரஷ் எங்கே என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே அத்தான் குளியலறைக்குப் போய்த் தன்னுடைய ஷேவிங் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்தார். குப்புறப் படுத்து, தும்மித் தும்மித் துடைத்தார். சட்டை என்ன ஆயிற்று என்று அக்கா இந்த முறை கேட்கவில்லை.

பதினொன்று ஐந்துக்குப் பெட்டி எழுந்தது. மூடியைப் போடாமல், மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தோம். அக்கா குறிப்புகளை அடிக்க ஆரம்பித்தாள். அத்தான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அதனால் நான் பார்த்தேன். முப்பது நிமிஷம். முப்பத்தைந்து. முப்பத்தாறாவது நிமிஷம் வந்தபோது அக்காவின் கை தானாக நின்றது. மூன்று பேரும் பெட்டியையே பார்த்தோம். உள்ளே காற்றாடி ஒரே சுதியில் ஓடிக்கொண்டிருந்தது. "நிக்காத, அடி," என்றார் அத்தான். பெட்டியிடம் சொன்னாரா, அக்காவிடம் சொன்னாரா, தெரியவில்லை. அக்கா அடித்தாள்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்குக் கட்டம் போய்ச் சேர்ந்தது. இரண்டு நிமிஷத்தில் போன் வந்தது. "வந்துடுச்சுக்கா. அடுத்த வாரமும் இப்படியே அனுப்பிடுங்க, நான் மேல சொல்லிக்கிறேன்," என்றாள் துணை ஆசிரியை. அக்கா போனை வைத்துவிட்டு முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "இன்னும் கடை திறக்கலையாடா நீ?" என்று கேட்டாள். அவள் விரல்கள் எதையோ எண்ண ஆரம்பித்திருந்தன.

மேசையில் பதிவேடு திறந்தபடியே கிடந்தது. கடைசிப் பக்கத்தில் 'விசாரணையின் முடிவு' என்று தலைப்பு மட்டும் எப்போதோ எழுதி, அடிக்கோடும் இழுத்து வைத்திருந்தார். அதற்குக் கீழே வெறுமை. அத்தான் நினைத்தால் 'பழுது நீக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதி மூடியிருக்கலாம். 'தூசி' என்று எழுதினால்கூடப் பொய்யில்லை. கேட்கிறவர் யார்? நானே அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். "விடுங்க அத்தான், ஏதோ நடந்து போச்சு," என்றேன்.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒட்டடையும் தூசியுமாக இருந்த சட்டையைத் தட்டிக்கொண்டார். கை வைத்த நாற்காலியை இழுத்து, "இப்படி வந்து உக்காருங்கம்மா," என்று அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி, பேனா மூடியைக் கழற்றிப் பின்னால் செருகி அவள் கையில் கொடுத்தார். பிறகு ஜாடியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். குழாய்ச் சத்தம் கேட்டது. நிறைந்த ஜாடியோடு திரும்பி வந்து, கழுவிய டம்ளரில் தண்ணீர் ஊற்றி, மேசையின் அந்த முனைக்குக் கொண்டுபோய் வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். குட்டைக் கால் 'டக்' என்றது. டம்ளரைத் தூக்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் முழுவதையும் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.